அரை மாரத்தானா, முழு மாரத்தானா? வேலையும் வீடும் உள்ள குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

நீண்ட தூரம் ஓடலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஷூ வாங்கலாம் என்று. அடுத்து, என்ன சாப்பிடலாம் என்று. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்தத் தூரத்துக்குத் தயாராவது, வாரத்தில் எத்தனை நாள் ஓடுவது, நாளில் எந்த நேரத்தில் ஓடுவது. இவை மூன்றும் வீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் இரண்டாம் மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும்.

நான் நாகர்கோவிலில் அலுவலக வேலை பார்க்கிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வயதான மாமியார், சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் வீட்டுக்காரர் என்று நிறைந்த வீடு. அதனால் ஒவ்வொரு தேர்வையும் இரண்டு கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன். இதற்கு எவ்வளவு நேரம் போகும்? அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டிய வேலை வீட்டில் யார் தலையில் விழும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் பயிற்சி அட்டவணையைத் தரவிறக்கி வைத்துப் பயனில்லை.

எந்தத் தூரம்

அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். முழு மாரத்தான் 42.195. எண்ணைப் பார்த்தால் இரண்டு மடங்கு. ஆனால் பயிற்சிக்குப் போகும் நேரமும் உடம்பு படும் பாடும் அந்தக் கணக்கில் அடங்காது.

கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒருவரை வைத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்கி ஒரு வருடம் ஓடியவர்களில் பலர் இந்த வேகத்தில்தான் இருப்பார்கள். அவர் அரை மாரத்தானுக்கு வாரம் 25 முதல் 35 கிலோமீட்டர் வரை ஓடினால் போதும், மூன்று முதல் நாலரை மணி நேரத்தில் முடியும். மிக நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டர், சரியாக இரண்டு மணி நேரம். காலை 4.45-க்குக் கிளம்பினால் 6.45-க்கு வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் அப்போதுதான் எழுந்திருப்பார்கள்.

முழு மாரத்தானுக்கு வாரம் 45 முதல் 60 கிலோமீட்டர் வேண்டும். ஐந்தரை முதல் ஏழரை மணி நேரம். நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டர் வரை போகும், அதாவது மூன்றே முக்கால் மணி நேரம். அதே 4.45-க்குக் கிளம்பினால் திரும்பி வரும்போது எட்டரை. நம் ஊரில் ஏழரைக்கு மேல் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும், கடலோரக் காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டேதான் இருக்கும். கடைசிப் பத்து கிலோமீட்டர் அப்படித்தான் போகும். வந்த பிறகு குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடாமல் எழுந்து நிற்க முடியாது. ஆக, கணக்கில் நாலு மணி நேரம் என்று எழுதினாலும் போவது பாதி நாள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உடம்பில் தசைகளும் ஈரலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து, பெரும்பாலானவர்களுக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகிறது. அரை மாரத்தான் ஓடுகிறவருக்கு அந்த எல்லை வருவதே இல்லை. முழு மாரத்தான் ஓடுகிறவர் அதைத் தாண்டுவதற்கென்றே பழக வேண்டும். ஓட்டத்தின் நடுவில் எதை எவ்வளவு சாப்பிட்டால் வயிறு ஏற்றுக்கொள்ளும் என்று நீண்ட ஓட்டங்களில் திரும்பத் திரும்ப முயன்று பார்க்க வேண்டும். கூடுதல் நேரம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு: சிவாலய ஓட்டம் ஓடுகிற ஊரில் 42 கிலோமீட்டர் பெரிய விஷயமா என்று. மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு சிவாலயங்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிப்பவர்கள் சுமார் நூறு கிலோமீட்டர் கடக்கிறார்கள். கையில் விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த ஓட்டத்தின் அமைப்பே வேறு. பன்னிரண்டு இடங்களில் நின்று, குளித்து, கும்பிட்டு, வழியில் தரும் பானகமும் மோரும் குடித்து, ஓடியும் நடந்தும் ஓர் இரவும் பகலுமாகப் போகிறார்கள். அதிலிருந்து மாரத்தான்காரர்கள் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது, நடப்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலவே, சில நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையைத்தான் பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். கால் சோர்வு குறையும், மறுநாள் வேலைக்குப் போக முடியும்.

சரி, நாட்காட்டிக்கு வருவோம். நான் அரை மாரத்தான் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணமே நம் மாவட்டத்து நாட்காட்டிதான். நாம் போகக்கூடிய பெரிய ஓட்டங்கள் பலவும் குளிர்காலத்தில்தான் வருகின்றன. கோயம்புத்தூரில் டிசம்பர், சென்னையில் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி, மும்பையில் ஜனவரி மூன்றாவது ஞாயிறு, கொச்சியில் அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி. ஜனவரி ஓட்டத்துக்குப் பதினாறு வாரம் முன்னால் போனால் செப்டம்பர் கடைசி. அதாவது பயிற்சி முழுவதும் வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. முழு மாரத்தானுக்கு மிகக் கடினமான வாரங்கள் ஓட்டத்துக்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்னால் வரும். அது டிசம்பர். அந்த மாதம் இங்கே எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் திருவிழா. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கும் சனிக்கிழமையில் பாதி நாள் காணாமல் போகிறவரை எந்தக் குடும்பமும் மனமார அனுப்பாது. அரை மாரத்தானின் இரண்டு மணி நேர ஓட்டத்தை மற்றவர்கள் எழுவதற்குள் அந்த நெருக்கடியிலும் முடித்துவிடலாம்.

முழு மாரத்தான்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் கொச்சியைச் சொல்வேன். பிப்ரவரி ஓட்டத்துக்கு மிக நீண்ட ஓட்டங்கள் ஜனவரியில் விழும். மழை விட்டிருக்கும், காலைகள் வருடத்திலேயே இதமாக இருக்கும், பண்டிகைகளில் பொங்கல் மட்டும் குறுக்கே வரும். பயணமும் சென்னை, மும்பை அளவுக்கு நீளம் இல்லை. வங்கி, கணக்குத் துறை, பள்ளி ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு மார்ச் நெருக்கடிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

பத்து கிலோமீட்டர் ஓட்டம் பற்றி ஒரு வரி: வீட்டில் கைக்குழந்தையோ, படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால் அந்த வருடத்துக்கு அதுவே நல்ல தேர்வு. அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

வாரத்தில் எத்தனை நாள்

பெரும்பாலான அட்டவணைகள் ஐந்து அல்லது ஆறு நாள் ஓடச் சொல்லும். அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு திட்டம் மூன்று நாள் ஓட்டம் போதும் என்கிறது. மூன்றுக்கும் தனித்தனி நோக்கம் உண்டு: ஒரு நாள் வேகம், ஒரு நாள் நடுத்தர வேகத்தில் நிலையான ஓட்டம், ஒரு நாள் நீண்ட தூரம். மீதி நாட்களில் இரண்டு முறை சைக்கிள், நீச்சல் மாதிரி வேறு உழைப்பு.

ஆறு நாள் முறையில் ஒவ்வொரு நாளும் குறைவாகத்தான் ஓடுவோம், உடம்பு மெல்லப் பழகும். அது உண்மையிலேயே நல்ல முறை. ஆனால் ஆறு காலையும் வீட்டு வேலையை யாராவது தாங்க வேண்டும். மூன்று நாள் முறையில் மற்ற நான்கு காலையும் நான் அடுப்படியில் இருப்பேன் என்று வீட்டுக்குத் தெரியும். அந்த உறுதிதான் இதில் பெரிய லாபம். செவ்வாய், வியாழன், சனி என்று நாள் குறித்துவிட்டால் பிள்ளைகளே, “நாளைக்கு அம்மா ஓடுற நாள்” என்று சொல்லத் தொடங்குவார்கள்.

மூன்று நாள் முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. நாள் குறைவு என்பதால் ஒவ்வொரு ஓட்டத்தையும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடத் தோன்றும். ஃபர்மன் திட்டம் ஏற்கெனவே நன்றாக ஓடிப் பழகியவர்களுக்குக்கூடக் கடினமானது, புதியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீபன் சைலர் என்ற விளையாட்டு அறிவியலாளர், உலகின் முன்னணி நெடுந்தூர வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை மிதமான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். மிதமான வேகம் என்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, வீட்டில் நின்றுகொண்டே வேலை செய்யும் உடம்புக்கு இது இன்னும் அவசியம். நான் சொல்வது: மூன்று நாளில் இரண்டு மிதமாக, ஒன்றில் மட்டும் நடுவில் கொஞ்சம் வேகம். ஓடாத நாட்களில் இரண்டு முறை பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி. உட்கார்ந்து எழுவது, படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, அவ்வளவுதான். முட்டி வலி, கெண்டைக்கால் வலி இரண்டுக்கும் இதைவிடச் செலவில்லாத பாதுகாப்பு கிடையாது.

வார நாட்களில் ஓடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக ஓடுவது என்று சிலர் திட்டமிடுகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று கால்களை நம்பி ஓடினால் குதிகாலில் வலி வந்து நிற்கும்.

நீண்ட ஓட்டத்துக்குச் சனியா, ஞாயிறா என்பது நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு மாறும். ஞாயிறு காலை பூசைக்கோ ஆராதனைக்கோ குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சனிதான் சரி. சனிக்கிழமை வேலை இருப்பவர்கள் ஞாயிறு மிக முன்னதாகக் கிளம்பி முதல் மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டியிருக்கும். அரை மாரத்தானுக்கு அது நடக்கும். முழு மாரத்தானின் 28, 30 கிலோமீட்டர் வாரங்களில் நடக்காது. எங்கள் வீட்டில் சனி காலை ஏழேகாலுக்கு வீட்டுக்காரர் கிளம்ப வேண்டும், அதற்குள் நான் வந்துவிட வேண்டும். அந்த ஏழேகால்தான் எனக்கு எந்தத் தூரம் என்று முடிவு செய்து கொடுத்தது.

எந்த நேரம்

இதில்தான் எல்லோரும் அதிகம் குழம்புகிறார்கள். காலை, மாலை, வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடி வருவது என்று மூன்று வழி இருக்கிறது.

காலையின் பெரிய பலம், அதை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு மேலதிகாரி அழைக்க மாட்டார், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இருக்காது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு கட்டி வரும், பல நாட்களில் காலை வெறித்திருக்கும். ஜனவரி ஓட்டத்துக்குத் தயாராகிறவருக்கு இந்த ஒன்றே போதும். தென்மேற்குப் பருவமழை வேறு மாதிரி, நேரம் பார்க்காமல் சாரலாகத் தூறும். அந்தச் சாரலில் ஓடுவது சுகம்தான், இடி மின்னல் இருந்தால் மட்டும் வெளியே போகக் கூடாது.

காலைக்கான விலை தூக்கமும் அடுப்படியும். நாலரைக்கு எழுவதென்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். இரவு பதினொன்று வரை தொலைக்காட்சியும் கைபேசியும் பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஓடுவது பயிற்சி ஆகாது, உடம்பைக் கெடுத்துக்கொள்வது. ஓட்டத்தில் கிழிபடும் தசை தூக்கத்தில்தான் சரியாகிறது. அடுப்படியைப் பொறுத்தவரை, ஓடும் நாளில் சமையல் யாருடையது என்று முதல் நாள் இரவே பேசி முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓடும் நாள் காலை புட்டும் பயறும் வீட்டுக்காரர் பொறுப்பு. மாவு நனைப்பதற்கு வேண்டியதையும் வேகவைத்த பயறையும் இரவே எடுத்து வைத்துவிடுவேன். “நீ ஓடிட்டு வா, பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சொல்வது எனக்கு எந்த அட்டவணையையும்விடப் பெரிய உதவி. ஆண்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஓடும் காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது யார்? அவருக்கு வாரத்தில் அதேபோல் சொந்த நேரம் எப்போது கிடைக்கிறது?

இருட்டு இன்னொரு கவலை. ஜூனில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கிறது, ஜனவரியில் ஆறரையைத் தாண்டுகிறது. அதனால் பயிற்சி தீவிரமாகும் மாதங்களில் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு இருட்டு. ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த மேல்சட்டை, நெற்றியில் கட்டும் விளக்கு இரண்டும் வேண்டும். ஷூவுக்கு முன்பே இவற்றை வாங்கச் சொல்வேன். பெண்கள் தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவது நல்லது. வேகம் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, தெருவிளக்கு உள்ள ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக ஓடலாம். தெருநாய் துரத்தினால் ஓடுவதை நிறுத்தி, அதைப் பார்த்தபடி மெல்ல நடந்து விலக வேண்டும். கடித்துவிட்டால் சிறிய கீறல் என்று விட்டுவிடாமல் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும்.

மாலையில் உடம்பு இளகியிருக்கும், அதே வேகம் காலையைவிட எளிதாக வரும். தூக்கம் குறையாது. ஆனால் மாலை என்பது எல்லோருக்கும் சொந்தமான நேரம். அலுவலகம் தாமதமாகும், மழை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நாகர்கோவில் சாலைகளில் மாலை ஆறு மணிக்குப் பேருந்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் நடுவில் ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நடைபாதை தொடர்ச்சியாக இல்லாத சாலைகள் அவை. மாலைதான் முடியும் என்றால் மைதானத்துக்குள் ஓடுங்கள்.

ஆனால் மாலை மட்டுமே வழி என்று இருப்பவர்கள் இங்கே நிறைய பேர். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தோவாளைப் பூச்சந்தையில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்களிடம் போய்க் காலை ஐந்து மணியின் பெருமையைப் பேசுவதில் அர்த்தமில்லை. ஜப்பானில் சைதாமா மாகாணத்தில் அரசுப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே 2018-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர் யுகி கவாவுச்சி. அவருடைய பணிநேரம் மதியத்துக்கு மேல் தொடங்கி இரவு வரை போகும். அதனால் அவர் காலையில் ஓடினார், தொழில்முறை வீரர்கள் நாளுக்கு இரண்டு முறை ஓடும்போது வேலை நாளில் ஒரே ஒரு முறை. அவர் வேலை விட்டுவைத்த நேரம் காலை, ரப்பர் வெட்டுகிறவருக்கு அது மாலை. எந்த நேரமானாலும் நிலையாக இருக்கிற ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, ஆனால் யாரும் அதிகம் யோசிக்காதது: வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடி வருவது. சுசீந்திரம், ஆசாரிபள்ளம், பார்வதிபுரம் மாதிரி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். எப்படியும் பேருந்துக்குக் காத்திருந்து, நின்று, வந்து சேர முக்கால் மணி நேரம் போகும். அந்த நேரத்திலேயே ஓடி வந்துவிடலாம், வீட்டிலிருந்து தனியாக நேரம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் பேருந்தில் போய் மாலையில் ஓடி வர வேண்டும். அலுவலகத்துக்கு ஓடிப் போனால் குளிக்க இடம் தேட வேண்டியிருக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஒருவழிப் பயணத்துக்குச் செலவும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கோப்புகளையும் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, சாவியும் கைபேசியும் மட்டும் இடுப்புப் பையில். பிரதான சாலையைத் தவிர்க்கும் உள்வழி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் இப்படி ஓடினாலே காலை ஓட்டம் ஒன்று மிச்சம்.

உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறி, இடிமழை நாட்களுக்கு மாற்று. அதற்கு மேல் அதில் ஒப்பிட எதுவும் இல்லை.

எங்கே

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் பாதுகாப்பானது. வார நாள் ஓட்டத்துக்கு அதுவே போதும். பதினாறு கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை நானூறு மீட்டர் வட்டத்தில் ஓடினால் நாற்பது சுற்று. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி இடுப்பிலும் முட்டியிலும் இழுக்கும், நடுவில் திசை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு நாஞ்சில் நாட்டு வயல் சாலைகள். தாழக்குடி, பூதப்பாண்டிப் பக்கம் இரண்டு புறமும் வயல், பெரிய ஏற்றம் இல்லை, விடிந்ததும் தெரிசனங்கோப்பு மலைகளிலிருந்து குளிர்ந்த காற்று. கடலோரச் சாலை, மணக்குடி, பள்ளம், சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம், பார்க்க இன்னும் அழகு. ஆனால் பல இடங்களில் நிழல் கிடையாது, ஆறரை மணிக்குள் முடிகிற ஓட்டத்துக்குத்தான் சரி. மணலில் ஓடினால் பலம் என்று சொல்வார்கள், சரிந்த கரையில் நீண்ட நேரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இறங்கும், கணுக்காலுக்கு நல்லதல்ல. குலசேகரம், திற்பரப்பு பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் தோட்ட நிழல் இருக்கிறது, கூடவே ஏற்ற இறக்கமும். அங்கே தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து ஓட வேண்டும். தரையில் இரண்டு மணி நேரமென்றால் மேட்டிலும் இரண்டு மணி நேரம்தான், கிலோமீட்டர் குறைந்தால் குறையட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். காற்றாலை நிறைந்த இடம் என்றால் சும்மாவா? அங்கே ஓடுகிறவர்கள் போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலை எந்த நேரத்திலும் வேண்டாம்.

சாப்பாடும் உடம்பும்

சாப்பாட்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. கிளம்புமுன் மட்டிப்பழம் இரண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மட்டி சிறியது, எளிதில் செரிக்கும், ஓடும்போது வயிற்றில் கனக்காது. முடித்து வந்ததும் கஞ்சியும் பயறும், அல்லது அவித்த ஏத்தன்பழமும் முட்டையும். முதல் நாள் இரவு மரச்சீனியும் மீனும் என்றால் மாவுச்சத்தும் புரதமும் ஒரே தட்டில் வந்துவிடும், காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பு சேர்த்த தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், அது நீர்வற்றிப் போவதைவிட ஆபத்தாகவும் முடியலாம்.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பயிற்சி தொடங்குமுன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். காரணமே தெரியாமல் மூச்சு வாங்குவதும், எவ்வளவு ஓடியும் முன்னேறாததும் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவுதான். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கூடுதலாக ஓடுவது கொடுமை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

முழு மாரத்தான் யாருக்கு

பிள்ளைகள் தாமாகக் கிளம்பும் வயதுக்கு வந்த வீடு. இரண்டு அரை மாரத்தானாவது வலியில்லாமல் முடித்த உடம்பு. வேலையில் நான்கு மாதத்துக்கு இடமாற்றமோ தேர்வோ எதிர்பார்க்காத நிலை. இவை மூன்றும் சேர்ந்திருந்தால் முழு மாரத்தானுக்குப் போகலாம், அந்த அனுபவத்துக்கு ஈடு வேறில்லை. இரண்டு மட்டும் இருந்தால் நான் இன்னொரு வருடம் அரை மாரத்தானில் இருந்து நேரத்தைக் குறைக்கப் பார்ப்பேன். வாரத்துக்கு மூன்று நாளில் அரை மாரத்தானை நன்றாக ஓட முடியும். அதே மூன்று நாளில் முழு மாரத்தானை முடிக்கலாம், ஆனால் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் வலியோடுதான் போகும்.

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மிக நீண்ட ஓட்டங்கள் வரும் மூன்று வார இறுதிகளைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். வீட்டில் உள்ளவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த நாட்களில் கல்யாணம், திருவிழா, தேர்வு, அவருடைய வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு அடிபட்டால் அந்த வருடம் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்யுங்கள். ஒன்றும் அடிபடாவிட்டால், அவருக்கு வேண்டிய மூன்று நாட்களையும் அதே நாட்காட்டியில் வேறு நிறத்தில் வட்டமிடச் சொல்லிவிட்டு, முழு மாரத்தானுக்குப் பணம் கட்டுங்கள்.